பாதியில் போதும் என்றால்? மத்தியதரைக் கடலோரத்தில் மூன்று நடைகள்

அக்கா போனில் கேட்டாள்: "மத்தியதரைக் கடல்ல ஒரு தீவு சொல்லுடா. கடலைப் பார்த்துக்கிட்டே நடக்கணும். மியூசியம், சர்ச்சுன்னு வரிசையில நிக்கிறதெல்லாம் போதும்." அவளுக்கு வயது 56. வலது முட்டியில் தேய்மானம். அத்தானுக்கு முட்டி நன்றாக இருக்கிறது, ஆனால் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்கு அருகே போகவே யோசிப்பவர். கையில் 9 நாள் லீவு, அக்டோபர் முதல் பாதி. ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா இருந்தால் போதும் என்கிற தீவாகப் பார்க்க வேண்டும்.

நான் நடந்த மூன்று கடலோரப் பாதைகள் உடனே நினைவுக்கு வந்தன. ஸ்பெயினின் மெனோர்கா, கிரீஸின் கிரீட், இத்தாலியின் சிசிலி. படங்களை அனுப்பினால் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும்: நீலத் தண்ணீர், வெள்ளைப் பாறை, ஓரத்தில் ஒரு பைன் மரம். அதனால் படம் எதுவும் அனுப்பவில்லை. பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டேன். பாதி வழியில் முட்டி வலித்து, "போதும்" என்று உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வாய்?

அவள் சிரித்தாள். ஆனால் கடலோர நடையில் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். மலையில் போதும் என்று தோன்றினால் கீழே இறங்கினால் ஏதாவது ஊர் வரும். கடலோரத்தில் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் செங்குத்துப் பாறை. போனால் முன்னால் போக வேண்டும், இல்லையென்றால் வந்த வழியே திரும்ப வேண்டும். அதோடு, கடலோரம் என்றாலே மெரினா மாதிரி சமதளம் என்று ஒரு நினைப்பு நம் எல்லோருக்கும் உண்டு. மத்தியதரைத் தீவுகளில் ஒவ்வொரு குடாவுக்கும் இறங்க வேண்டும், அடுத்த முனைக்கு ஏற வேண்டும், மறுபடி இறங்க வேண்டும். வரைபடத்தில் 10 கிலோமீட்டர் என்று இருப்பதை முட்டி வேறு கணக்கில் எண்ணும்.

மூன்றுக்கும் முன்னால், பெயர் கேட்டு மயங்கக் கூடாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சார்தீனியாவின் கிழக்குக் கரையில் செல்வாஜ்ஜோ புளூ என்று ஒரு பாதை இருக்கிறது. பார்க்க மூன்றையும் விட அழகு. ஆனால் கயிற்றில் தொங்கி இறங்க வேண்டும், பாறை ஏறத் தெரிந்திருக்க வேண்டும், குடிதண்ணீரை முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். நாலைந்து நாள் ஆகும். அத்தானிடம் இதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. கோர்சிகாவின் வடமுனையில் சுங்கக் காவலர்கள் ரோந்து போன பாதை ஒன்றும் உண்டு. மசினாஜ்ஜோவிலிருந்து செந்தூரி வரை 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வழியில் சாந்தா மரியா கோபுரம் பாதி இடிந்து, வெட்டிவைத்த பழம் போல உள்பக்கம் தெரிய, தண்ணீரில் நிற்கும். நல்ல நடைதான். ஒரே நாளில் முடிப்பது அக்காவுக்கு ஆகாது, ஒரு நடைக்காக அந்த மூலைக்குப் போய்வருவதும் பெரிய வேலை. விட்டுவிட்டேன்.

சரி, சிசிலி. அதன் வடமேற்கில் ஸ்கொபெல்லோவுக்கும் சான் வீத்தோ லோ காப்போவுக்கும் நடுவே ஜிங்கரோ இயற்கைக் காப்பகம். கடலோரப் பாதை சுமார் 7 கிலோமீட்டர். வழியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சின்னச் சின்னக் குடாக்கள், கூழாங்கல் கரை, இறங்கிக் குளிக்கலாம். பாதை ஒழுங்காக இருக்கும், பயப்படும்படியான இடம் இல்லை. நுழைவுக் கட்டணம் உண்டு.

இந்த இடத்தின் கதை எனக்குப் பிடிக்கும். 1970-களில் இரண்டு ஊர்களையும் இணைத்துக் கடலை ஒட்டி ஒரு சாலை போடத் தொடங்கினார்கள். 1980 மே 18-ஆம் தேதி ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே நடந்தே வந்து, சாலை வேண்டாம் என்றார்கள். மறுவருடமே அது சிசிலியின் முதல் இயற்கைக் காப்பகம் ஆனது. ஸ்கொபெல்லோ பக்கத்து வாசலில் நுழைந்தவுடன் ஒரு சுரங்கப்பாதை வரும். கைவிட்ட அந்தச் சாலைக்காகக் குடைந்தது. கார் போவதற்காகக் குடைந்த துளை வழியாகச் செருப்புக் காலோடு நடந்து போகிறவர்களைப் பார்க்கும்போது ஒரு சந்தோஷம்.

உள்ளே எங்கு பார்த்தாலும் குட்டைப் பனை. ஆள் உயரம்கூட வராது, ஆனால் விசிறி ஓலையைப் பார்த்தவுடன் நம் ஊர்க்காரர்களுக்குப் பனங்காட்டு நினைப்பு வந்துவிடும். அந்த ஓலையில் துடைப்பமும் கூடையும் கயிறும் பின்னியிருக்கிறார்கள். பாதையோரத்தில் அதற்கென்றே சிறிய காட்சிக்கூடம் ஒன்று வைத்திருக்கிறார்கள். நான் ஏதோ பெட்டிக்கடை என்று நினைத்துத் தண்ணீர் வாங்கப் போய், கூடைகளைப் பார்த்துவிட்டு வந்தேன்.

இப்போது அக்காவுக்கான கேள்விக்கு வருவோம். சாலை வராததால்தான் ஜிங்கரோ அழகாக இருக்கிறது. அதனாலேயே வெளியே வர வழியும் இல்லை. இரண்டு வாசல், இரண்டும் வெவ்வேறு ஊரில். நடுவில் வண்டி வராது, பயணிகளை ஏற்றிக்கொள்ளும் படகும் கிடையாது. நான் முதல் தடவை போனபோது தெற்கு வாசலில் காரை விட்டுவிட்டு உற்சாகமாக வடக்கு வாசல் வரை நடந்தேன். அங்கிருந்து ஏதாவது வண்டி பிடித்துத் திரும்பலாம் என்று கணக்கு. வாசலில் இருந்தவரிடம் கேட்டேன். மலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், ரொம்ப தூரம் என்று கையால் ஒரு பெரிய வட்டம் போட்டுக் காட்டினார். அந்த 7 கிலோமீட்டரை மதியம் இரண்டு மணி வெயிலில், நிழல் இல்லாமல், மறுபடி நடந்தேன். கற்றுக்கொண்டது ஒன்றுதான்: ஜிங்கரோவில் பாதி என்பது உங்கள் தெம்பில் பாதி. மூன்று குடா வரை போய்க் குளித்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். அப்படிச் செய்தால் அரை நாள் அருமையாகப் போகும். ஆனால் அரை நாள் நடைக்காக 9 நாளை ஒதுக்க முடியாது. பலெர்மோவையும் சேர்த்துப் பார்க்க வருகிறவர்களுக்கு ஜிங்கரோ சரி. பலெர்மோ தெருவில் விற்கும் கடலைமாவுப் பனெல்லேவுக்காகவே போகலாம், நம் பஜ்ஜிக்குத் தம்பி. ஆனால் அக்கா கேட்டது நடை. கோடையின் கடைசியில் தீ அபாயமும் உண்டு. 2012-இலும் 2020-இலும் ஜிங்கரோ பெரிய அளவில் எரிந்திருக்கிறது.

மெனோர்கா இதற்கு நேர் எதிர். அங்கே பாதைக்கு முடிவே இல்லை, தீவையே ஒரு சுற்று சுற்றுகிறது. காமி தெ கவால்ஸ் என்று பெயர், குதிரைகளின் பாதை என்று அர்த்தம். மொத்தம் 185 கிலோமீட்டர், 20 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். வரிசையாக மரக் கம்பம் நட்டு அடையாளம் போட்டிருப்பதால் வழி தவறுவது கஷ்டம். தீவின் மிக உயர்ந்த குன்றே 358 மீட்டர்தான் என்பதால் ஏற்ற இறக்கம் இருந்தாலும் நெஞ்சை அடைக்காது.

ஏன் குதிரை? கடலிலிருந்து எப்போது யார் வருவார்கள் என்று தெரியாத காலம் அது. 1558-இல் உஸ்மானியக் கடற்படை சியூதாதெல்யா நகரத்தை முற்றுகையிட்டு அழித்து, ஆயிரக்கணக்கானவர்களைச் சிறைபிடித்துக் கான்ஸ்டான்டினோபிளுக்குக் கொண்டுபோனது. இன்றும் ஒவ்வொரு ஜூலையிலும் அந்த நகரம் அதை நினைவுகூர்கிறது. கரையைச் சுற்றிக் குதிரையில் காவல் போவதும், ஒரு காவல் கோபுரத்திலிருந்து அடுத்ததற்குச் செய்தி கொண்டுபோவதும் இந்தப் பாதையில்தான். பிறகு காவலுக்குத் தேவை இல்லாமல் போனது. பாதை தனியார் தோட்டங்களுக்குள் மறைந்தது, பல இடத்தில் கதவைப் பூட்டிவிட்டார்கள். ஊர்க்காரர்கள் விடவில்லை. 2000-ஆம் ஆண்டில் பலேரிக் தீவுகளின் நாடாளுமன்றம், இந்தப் பாதையில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம் என்று சட்டமே போட்டது. 2010-இல் முழுச் சுற்றும் திறந்தது. நடக்கும்போது அடிக்கடி காட்டு ஒலிவ மரத்தில் செய்த வளைந்து நெளிந்த கதவுகளைத் திறக்க வேண்டியிருக்கும். திறந்தால் சாத்த வேண்டும், உள்ளே மாடு மேயும். அது தனியார் நிலம்தான், நடக்கிற உரிமை மட்டும் நமக்கு.

வடக்கும் தெற்கும் இரண்டு வேறு தீவு மாதிரி. வடக்கில் செம்மண்ணும் கறுப்புப் பாறையும். திரமொந்தானா என்கிற வடகாற்று அடித்து அடித்து மரமெல்லாம் ஒரே பக்கம் தலை சாய்த்து நிற்கும். தெற்கில் சுண்ணாம்புப் பாறை, பைன் காடு, பால் கலந்த நீலத்தில் குட்டிக் குடாக்கள். விளம்பரப் படங்களில் வருவது பெரும்பாலும் தெற்கு. துர்கெத்தா குடாவிலிருந்து மக்கரெல்யா வழியாகக் காலா கல்தானா வரை 7 கிலோமீட்டர்கூட வராது, நிழலும் உண்டு. யாரும் நடக்கலாம்.

வடமேற்கு அப்படி இல்லை. பினிமெல்லாவிலிருந்து எல்ஸ் அலோக்ஸ் வழியாக அல்கயாரென்ஸ் வரை, ஏறினால் இறக்கம், இறங்கினால் ஏற்றம். கடையும் இல்லை, ஊரும் இல்லை, பேருந்தும் இல்லை. இரண்டு லிட்டர் தண்ணீரோடு போன நான் எல்ஸ் அலோக்ஸ் தாண்டும் முன்பே பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூன்று லிட்டர் வேண்டும். வழியில் ஊற்று எதுவும் கிடையாது. ஆனால் அந்தப் பகுதியில்தான் ஒரு மணி நேரம் முழுதாக வேறு ஆளைப் பார்க்காமல் நடந்தேன். 185 கிலோமீட்டரில் எனக்கு மறுபடி நடக்கத் தோன்றுவது அதுதான், தெற்கு இல்லை.

வெளியே வரும் வழி மெனோர்காவில் நிறையவே உண்டு. தீவு கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர் நீளம்தான். மஹோனிலோ சியூதாதெல்யாவிலோ ஒரே அறையை எடுத்துக்கொண்டு, காலையில் பேருந்தில் போய் இறங்கி, ஒரு பகுதி நடந்து, மாலையில் திரும்பலாம். பெட்டியைத் தூக்க வேண்டியதே இல்லை. ஊர் ஊராக மாறித் தங்குவதாக இருந்தாலும் பெட்டியைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் கிடைப்பார்கள். கூடாரம் போடலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம், பாதையோரத்தில் அதற்கு அனுமதி இல்லை.

ஏப்ரல், மே என்றால் யோசிக்காமல் மெனோர்கா என்று சொல்லியிருப்பேன். புல் பச்சை, வழியெல்லாம் பூ, கூட்டம் இல்லை. அக்டோபர் என்பதுதான் இடிக்கிறது. அந்தத் தீவில் மழை கொட்டுவதே இலையுதிர் காலத்தில்தான். கடற்கரைகளுக்குப் போகும் பேருந்துகளும் கோடை முடிந்தவுடன் குறைந்துவிடும், சிலது நின்றேவிடும். எது மெனோர்காவின் பலம் என்று சொன்னேனோ, அதுவே அக்காவின் தேதியில் பாதி போய்விடுகிறது.

கிரீட்டின் தென்மேற்குக் கரை. வேதாகமம் வாசித்தவர்களுக்கு இது கிரேத்தா தீவு. கிறிஸ்தவத்தைப் பரப்பிய பவுலைக் கைதியாக ஏற்றிக்கொண்டு ரோமாபுரிக்குப் போன கப்பல் குளிர்காலத்தைக் கழிக்க பேனிக்ஸ் துறைமுகத்துக்குப் போய்ச் சேரப் பார்த்து, யூரோக்கிலிதோன் என்கிற காற்றில் மாட்டிக்கொண்டதே, அந்த பேனிக்ஸ் இங்கேதான், லூத்ரோவுக்குப் பக்கத்துக் குடா. இப்போதும் பெயர் ஃபீனிக்காஸ். காற்றும் இன்னும் அப்படியே இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் கரையில் மலை நேராகக் கடலில் விழுகிறது. சாலை போட இடமில்லை. அயியா ருமேலி, லூத்ரோ என்ற இரண்டு ஊருக்கும் இன்றுவரை கார் போகாது. நடந்து போகலாம், இல்லையென்றால் படகு. ஹோரா ஸ்ஃபகியோன், லூத்ரோ, அயியா ருமேலி, சூயா, பலெயோஹோரா என்று வரிசையாகப் படகு நின்று நின்று போகும், நம் டவுன் பஸ் மாதிரி. அந்த ஊர்களுக்கு நடுவே உள்ள கடலோரப் பாதை, ஈ4 என்ற நீண்ட ஐரோப்பிய நடைபாதையின் ஒரு பகுதி.

பெரும்பாலானவர்கள் இங்கே வருவது சமரியா பள்ளத்தாக்குக்காக. 16 கிலோமீட்டர், 1,200 மீட்டருக்கு மேல் இறக்கம், முடிவில் அயியா ருமேலி. தேய்ந்த முட்டிக்கு ஏற்றத்தை விட இறக்கம்தான் எமன், அதனால் அக்காவுக்கு அதை அடித்துவிட்டேன். படகிலேயே அயியா ருமேலிக்குப் போய் இறங்கலாம்.

அங்கிருந்து லூத்ரோவுக்கு ஐந்தாறு மணி நேர நடை. தொடக்கத்தில் கூழாங்கல்லில் கால் புதையும், கொஞ்சம் எரிச்சலாக இருக்கும். பிறகு தண்ணீரோரத்திலேயே, அந்தக் கரையின் கற்களைக் கொண்டே கட்டிய அயியோஸ் பாவ்லோஸ் சிற்றாலயம் வரும். கிட்டத்தட்ட ஆயிரம் வருடப் பழமை. அதற்குக் கீழே மணலில் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும், பனி மலையிலிருந்து பூமிக்கடியில் வருவது, பல் கூசும். அதைத் தாண்டியதும் பாதை பைன் காட்டுக்குள் ஏறி, கடலுக்கு மேலே பாறை விளிம்பில் போகத் தொடங்கும். அகலம் போதும், கைப்பிடி கிடையாது. எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அத்தானை அங்கே நிறுத்திப் பார்த்தேன், மனதுக்குள்தான், சரிவரவில்லை. அப்புறம் அரதேனா பள்ளத்தாக்கின் வாயில் மர்மரா கடற்கரை. ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. பருவத்தில் அங்கிருந்து லூத்ரோவுக்குச் சின்னப் படகும் உண்டு. அதாவது, முக்கால் தூரத்தில் ஒரு வெளிவாசல்.

லூத்ரோவிலிருந்து ஹோரா ஸ்ஃபகியோன் பக்கம் போனால் இன்னும் சுலபம், இரண்டு, இரண்டரை மணி நேரம். நடுவில் கிளிகா நேரா கடற்கரை. நன்னீர் என்றே பெயருக்கு அர்த்தம், அங்கும் கூழாங்கல்லுக்கடியில் குடிநீர் கசியும். அதற்குப் பிறகு சாலையை எட்டும் வரை உள்ள பகுதியில் மறுபடி விளிம்பு வரும், மேலிருந்து கல் உருண்ட தடமும் தெரியும். 1941 மே மாதக் கடைசியில், கிரீட்டை ஜெர்மானியர் பிடித்தபோது, பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையினர் மலை தாண்டி ஹோரா ஸ்ஃபகியோன் என்ற இந்தச் சின்னத் துறைக்குத்தான் வந்தார்கள். இரவுகளில் கப்பல் வந்து பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஏற்றிப் போனது. மிச்சமிருந்தவர்கள் பிடிபட்டார்கள். இன்று அதே துறையில் உட்கார்ந்து, சீஸ் வைத்துச் சுட்டுத் தேன் ஊற்றிய ஸ்ஃபகியா ரொட்டியைச் சாப்பிட்டபடி படகுக்குக் காத்திருக்கிறோம்.

காற்று பற்றிச் சொல்கிறேன் என்றேன். பலமாக அடித்தால் படகு ஓடாது. லூத்ரோவில் ஒரு நாள் கூடுதலாக மாட்டிக்கொண்டேன். ஊரில் யாரும் பதறவில்லை, விடுதிக்காரர் அறைச் சாவியைத் திருப்பி என்னிடமே நீட்டினார். அதனால் இந்தக் கரையிலிருந்து நேராக விமானம் பிடிக்கிற மாதிரித் திட்டம் போடவே கூடாது. கடைசி இரவு, விமான நிலையம் உள்ள ஹானியா நகரத்தில் இருக்க வேண்டும். கிரீட்டின் ஒரே பெரிய பலவீனம் இதுதான்: வெளிவாசலுக்குச் சாவி காற்றின் கையில். ஆனால் அக்டோபர் முதல் பாதியில் அங்கே வெயில் தணிந்திருக்கும், கடல் கோடை முழுக்கச் சூடேறியிருக்கும், படகும் ஓடிக்கொண்டிருக்கும். மாதக் கடைசி என்றால் வேறு கதை.

இதையெல்லாம் ஒரு மணி நேரம் போனில் சொல்லி முடித்துவிட்டு, "அத்தானுக்கு விளிம்பு ஆகாது, அதனால தேதியை மாத்தி மே மாசம் மெனோர்கா போங்க" என்றேன். மூன்றையும் எடை போட்டு நான் கண்டுபிடித்த விடை அது.

அக்கா கேட்டாள், "கார் வராத ஊருன்னு சொன்னியே, அங்க ராத்திரி சத்தம் எப்படி இருக்கும்?"

"அலைச் சத்தம்தான். எப்பவாவது ஆடு கத்தும்."

"அங்கயே நாலு ராத்திரி போடு."

"அத்தான்?"

போன் ஸ்பீக்கரில்தான் இருந்திருக்கிறது. அத்தான் குரல் வந்தது. "நான் ஏன் மாப்ளே விளிம்புல நடக்கணும்? அவ நன்னீர்க் கடற்கரை வரைக்கும் நடக்கட்டும். நான் பையைத் தூக்கிக்கிட்டு படகுல போய், டீயைச் சொல்லி வச்சிட்டு உட்கார்ந்திருக்கேன்."

இரண்டு பேர் ஒரே நாளில் ஒரே ஊருக்கு, ஒருவர் காலிலும் ஒருவர் படகிலும் போய்ச் சேரலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அங்கே டீ என்றால் மலை மூலிகையைக் கொதிக்க வைத்துத் தந்துவிடலாம் என்பதை மட்டும் அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை.